குளிக்கடவுக் கண்டல்

பகவதிப்பெருமாள் பிள்ளைக்கு ஒரு வியாதி உண்டு. கரை என்று ஒன்றைக் கண்டுவிட்டால் போதும்; அது யாருடைய கரையாக இருந்தாலும் சரி, அதில் புல்லோ புதரோ மண்டிக் கிடந்தால் அவருக்குக் கை பரபரக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெட்டுக்கத்தியைத் தேட ஆரம்பித்துவிடுவார். ஆரியசாலை அரிசி மண்டியில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பேனா பிடிக்கிற கணக்குப்பிள்ளைக்கு இந்த வேண்டாத வேலை எதற்கு என்று கேட்டால், நாஞ்சில் நாட்டு ரத்தம் என்பார். அவர் மனைவி சரஸ்வதியம்மாளைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்லுவாள். அதை இங்கே எழுத முடியாது.

அவரையும் முழுக்கக் குறை சொல்வதற்கில்லை. பிறந்தது பூதப்பாண்டிப் பக்கத்தில் ஒரு ஊர். வீட்டுக்குப் பின்னால் குளம், குளத்துக்குக் கீழே வயல். மழைக்கு முன்னால் ஊரே திரண்டு குளத்தங்கரையில் இறங்கும். முளைத்திருக்கிற செடியை வேரோடு பிடுங்கி, புதரை வெட்டித் தீ வைத்து, நண்டு வளையையும் எலி வளையையும் தேடித் தேடிக் களிமண் வைத்து அடைத்து, காலால் மிதித்து, மண்வெட்டியின் முதுகால் தட்டிக் கரையை மொழுமொழுவென்று ஆக்கிவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். ஒரே ஒரு வளை கண்ணுக்குத் தப்பிவிட்டால் தண்ணீர் அதன் வழியே கசிந்து, கசிவு ஓட்டையாகி, கரை உடைந்து வயலைக் கொண்டு போய்விடும். ஆகவே அந்த ஊரில் மொட்டைக் கரைதான் நல்ல கரை. காடு பிடித்த கரைக்குச் சொந்தக்காரன் வீட்டில் பெண் எடுக்கக்கூட யோசிப்பார்கள். இப்படி வளர்ந்த மனுஷர் காயலோரத்தில் வீடு கட்டினால் என்ன ஆகும்?

கட்டினார். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். ஊரில் பாகம் பிரிந்து கைக்கு வந்ததைக் கொண்டு வேளிக் காயலோரம் ஒரு துண்டு பூமி வாங்கிப் போட்டார். மண்டியில் எல்லாரும் சிரித்தார்கள். சாலைக் கம்போளத்துக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்க்காமல், நடந்தும் வள்ளத்திலும் வந்து சேர வேண்டிய இடத்தில் போய் யாராவது குடியிருப்பார்களா என்றார்கள். அவருக்கோ வாடகை வீட்டில் சுவரில் ஓர் ஆணி அடிக்க வீட்டுக்காரனிடம் பல்லைக் காட்டிக் காட்டி வெறுத்துப் போயிருந்தது. வெட்டுகல் சுவர், ஓட்டுக் கூரை, இரண்டு அறை, ஒரு அடுக்களை. அவ்வளவுதான் வீடு. ஆனால் முதல் நாள் இரவு அதற்குள் படுத்தபோது அவருக்குத் தூக்கமே வரவில்லை. எழுந்து எழுந்து சுவரைத் தடவிப் பார்த்தார். இந்த வீடு போனால் அவருக்கு வேறு வீடு கிடையாது, கட்டுவதற்கு வழியும் கிடையாது.

வீட்டுக்கு முன்னால் காயல். காயலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு. மழைக்காலத்தில் காயலில் வெள்ளம் ஏறினால் அந்தத் திட்டு உடைந்து தண்ணீர் கடலுக்கு ஓடும். கடலும் சும்மா இருக்காமல் உடைந்த வாய் வழியாக உள்ளே ஏறப் பார்க்கும். அந்த வாயைத்தான் அங்குள்ளவர்கள் பொழி என்பார்கள், திட்டு உடைவதைப் பொழி முறிவது என்பார்கள். பிள்ளையின் வீடு பொழிக்குக் கொஞ்சம் வடக்கே. கரையை ஒட்டி நெடுகக் கண்டல் காடு. சேற்றுக்கு மேலே வேரைக் கால் கால்களாக ஊன்றி நிற்கும் மரம். கிளையில் முருங்கைக்காய் மாதிரி நீளமாகக் காய் தொங்கும், விழுந்தால் சேற்றில் குத்தி நின்று அந்த இடத்திலேயே முளைத்துவிடும். அந்த வேர்களுக்கு நடுவே நண்டு என்றால் நண்டு, அப்படியொரு நண்டு. காலை வைக்க இடமில்லாமல் வளை.

நண்டு வளை! பிள்ளை மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, பாத்தியா? சல்லடை மாதிரி கெடக்கு. ஒரு மழை பெஞ்சா கரை நிக்குமா? இதை மொத்தமா வெட்டி எறிஞ்சிட்டு வளையை அடைச்சாத்தான் நமக்கு ஒறக்கம் வரும்" என்றார்.

"உங்களுக்கு ஒறக்கம் வரும். நான் எங்க போய்க் குளிக்க?" என்றாள் சரஸ்வதியம்மாள்.

விஷயம் அதுதான். கண்டல் காட்டின் நடுவே ஒரு சின்னக் கடவு இருந்தது. இரண்டு தென்னந்தடிகளைக் குறுக்கே போட்டு, இறங்கிக் குளிக்க வசதி செய்திருந்தார்கள். பக்கத்து வீட்டு ஓமனாவும் அங்கேதான் குளிப்பாள். ஓமனா வள்ளக்காரன் ஐயப்பனின் மனைவி. ஐயப்பன் மண்டிக்கு அரிசி மூட்டை ஏற்றி வருகிறவன், பிள்ளையையும் பாதி நாள் அவன்தான் சாக்கைத் துறை வரை வள்ளத்தில் கொண்டு விடுவான். காயலில் நாள் பூராவும் தேங்காய்த் தொண்டு ஏற்றிய வள்ளமும் ஓடு ஏற்றிய வள்ளமுமாகப் போய்க்கொண்டே இருக்கும், வள்ளக்காரர்கள் பாட்டும் பாடுவார்கள், நாலு பக்கமும் பார்க்கவும் பார்ப்பார்கள். ஆனால் கண்டலுக்குள் இறங்கிவிட்டால் பெண்களின் ஒரு விரல்கூட வெளியே தெரியாது. ஊரில் குளத்தில் சேலையோடு முங்கிச் சேலையோடு எழுந்து பழகிய சரஸ்வதியம்மாளுக்கு அந்த இடம் சொர்க்கமாக இருந்தது. பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் முதுகு தேய்த்துக்கொண்டும் அவளும் ஓமனாவும் அங்கேயே பொழுதைக் கழிப்பார்கள்.

சண்டை நடந்தது. பிள்ளை சத்தம் போட்டார், நியாயம் பேசினார், குளம் உடைந்து ஊர் அழிந்த கதையெல்லாம் சொன்னார், சாப்பிடாமல் மண்டிக்குப் போனார். சரஸ்வதியம்மாள் பாதி இறங்கி வந்தாள். வீட்டுக்குத் தெற்கே, அடுக்களைப் பக்கமாக இருந்த கண்டலை அவர் வெட்டிக்கொள்ளலாம். வடக்கே, கடவு இருந்த பாதியைத் தொடக்கூடாது. அவருக்கு அப்போதைக்கு அது போதுமாக இருந்தது.

வெட்டினார். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஐயப்பனைக் கூட்டு வைத்துக்கொண்டு வெட்டினார். விறகுக்கு விறகும் ஆயிற்று. வளைகளை அடைத்து, களிமண் கொண்டு வந்து மெழுகி, மிதித்து, தட்டி, அழகாகச் சரித்து, கரையைப் பூதப்பாண்டிக் குளத்தங்கரையாகவே ஆக்கிவிட்டார். ஆசை விடவில்லை, கருங்கல்லில் நாலு படியும் கட்டினார். மண்டி முதலாளி நெல்லையப்ப பிள்ளை ஒரு நாள் வந்து பார்த்து, "கரைன்னா இதுல்லா கரை! பாத்தாலே தெரியுது, நம்ம ஊருக்காரன் கைன்னு" என்றார். பகவதிப்பெருமாள் பிள்ளை அதைக் கேட்டு ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

அந்த வருஷம் மழை குறைவு. பொழி முறிந்ததும் தெரியவில்லை, மூடியதும் தெரியவில்லை. அப்படியிருந்தும் அவர் மெழுகிய கரை அங்கங்கே வழுக்கி இறங்கிற்று. அவர் மறுபடி மெழுகினார். மறுபடி இறங்கிற்று. வள்ளம் ஒன்று கொஞ்சம் வேகமாகப் போனால்கூட அந்த அலைக்கே ஒரு பிடி மண் கரைந்து போயிற்று. வடக்குப் பாதியில், கண்டல் இருந்த இடத்தில், ஒரு பிடியும் போகவில்லை. கண்ணிருக்கிற யாருக்கும் அது தெரிந்திருக்கும். பிள்ளைக்கும் கண் இருந்தது, ஆனால் அந்தக் கண் குளத்தங்கரையில் பழகிய கண். அவர் யோசித்து யோசித்துக் கடைசியில் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? வடக்குப் பாதியில் இருக்கிற நண்டுகள்தான் ராத்திரியில் தெற்கே வந்து கரையைத் தோண்டுகின்றன என்று கண்டுபிடித்தார். வேரோடு ஒழித்தால்தான் விடிவு என்று முடிவும் கட்டினார்.

மறுபடி மனைவியோடு மல்லுக்கட்ட அவருக்கு மனமில்லை. போன தடவை அவள் அழுதது நினைவிருந்தது. அவள் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்துக் காரியத்தை முடித்துவிட்டால், பிறகு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், மூன்றாம் நாள் சரியாகிவிடுவாள் என்று கணக்குப் போட்டார். ஆயுசு பூராவும் கணக்கு எழுதுகிறவருக்கு இந்தக் கணக்கு எங்கே உதைக்கும் என்று தெரியாமல் போயிற்று.

நாளும் வந்தது. ஐம்பத்தைந்தாம் வருஷம், மழை தொடங்குகிற இடவ மாதம். வலியசாலையில் நெல்லையப்ப பிள்ளையின் மகளுக்குக் கல்யாணம். சமையல் சாமான் வைக்கிற கலவறையின் பொறுப்பு பகவதிப்பெருமாள் பிள்ளைக்கு. விடியுமுன்னே அவர் போய்விட வேண்டும். சரஸ்வதியம்மாளும் இரண்டு பெண் பிள்ளைகளும் பிறகு வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் சாக்கைக் கடவில் வள்ளத்தை விட்டு இறங்கும்போது அவர் ஐயப்பனிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"நாளைக்குக் காலம்பற வீட்டிலே ஒருத்தரும் இருக்கமாட்டாவோ. நீ ரெண்டு ஆளைக் கூட்டிட்டு வந்து அந்த வடக்குப் பக்கத்தை முடிச்சிரு. நான் சாயங்காலம் வரும்போ கரை வெளுத்துக் கெடக்கணும்."

ஐயப்பன் தலையைச் சொறிந்தான். "அல்ல அண்ணாச்சி, பெண்ணுங்க குளிக்கிற கடவில்லே அது? சேச்சிக்கு அறியாமோ?"

"அதெல்லாம் நான் பாத்துக்கிடுகேன். நீ வெட்டு."

மறுநாள் காலையிலேயே வானம் கறுத்திருந்தது. பிள்ளை கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தூற்றல், மாப்பிள்ளை அழைத்து வந்தபோது மழை, தாலி கட்டும்போது பந்தலுக்கு வெளியே ஒன்றும் தெரியாத பேய் மழை. கலவறைக்குள் அரிசியும் தேங்காயும் வெல்லமும் நனையாமல் காப்பாற்றுகிற அவசரத்தில் அவருக்கு வேறு நினைவே இல்லை. பெண்கள் எல்லாரும் உள்கட்டில் இருந்தார்கள். சரஸ்வதியும் அங்கேதான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். நடுவே ஒரு தடவை மட்டும், இந்நேரம் ஐயப்பன் வெட்டி முடித்திருப்பான் என்று நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார்.

முதல் பந்தி எழுந்த பிறகு, பேட்டையிலிருந்து தயிர்ப்பானை கொண்டு வந்த ஆள் தொப்பலாக நனைந்து வந்து நின்றான். "அண்ணாச்சி வீடு வேளியிலேயில்லே? பொழி முறிஞ்சுபோச்சு. கடல் நேரே காயலுக்குள்ளே கேறி அடிக்குது. கரையெல்லாம் இடிஞ்சு போவுதுன்னு சாக்கையிலே பறையுறாங்க" என்றான்.

பிள்ளை கரண்டியைக் கீழே போட்டார். வீடு! ஆனால் கூடவே ஒரு ஆறுதலும் வந்தது. நல்ல வேளை, சரஸ்வதியும் பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். சுவர் போனால் போகட்டும். அவர் உள்கட்டு வாசலுக்குப் போய் மனைவியைக் கூப்பிடச் சொன்னார். வந்தது மூத்த மகள்.

"அம்ம வரல்லியே அப்பா. தலைவலின்னு சொன்னா. எங்களை மட்டும் அந்த மேலத்தெரு மாமி கூட அனுப்பி விட்டா."

அவ்வளவுதான். வேட்டியை மடித்துக் கட்டினாரா, செருப்பைப் போட்டாரா, யாரிடமும் சொல்லிக்கொண்டாரா, ஒன்றும் அவருக்கு நினைவில்லை. பஸ் ஒன்று சாக்கை வரை கொண்டு விட்டது. அதற்கு மேல், காயலில் சேரும் ஆற்றின் கரை வழியே ஓட்டம். நெற்றியில் சந்தனம் கரைந்து கண்ணில் இறங்கியது. வயது நாற்பத்தைந்தைத் தாண்டிய, உட்கார்ந்தே உத்தியோகம் பார்த்த உடம்பு; மூச்சு வாங்கியது, நின்றார், மறுபடி ஓடினார். "தாணுமாலயா, அவளை வச்சிரு. தாணுமாலயா, அவளை வச்சிரு" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு ஓடினார்.

ஓடுகிற வழியில்தான் அவர் அதைக் கண்டார். காயலை நெருங்க நெருங்கக் கரை தெரிந்தது. ஒரு தென்னந்தோப்பின் முன்னால் யாரோ வள்ளத்தைக் கரையில் ஒதுக்க வசதியாகக் கண்டலை ஒழித்து வைத்திருந்தார்கள். அங்கே கரையே இல்லை. மூன்று தென்னை வேரோடு தண்ணீரில் கிடந்தன. அதற்கு அடுத்தது ஒருவரும் கவனிக்காத புறம்போக்கு, கண்டல் மண்டின இடம். அங்கே அலை வந்தது, வேருக்குள் நுழைந்தது, அதற்குப் பிறகு அலையைக் காணோம். கரை அப்படியே இருந்தது. அதற்கும் அப்பால் மறுபடி மொட்டைக் கரை, மறுபடி இடிவு. மறுபடி கண்டல், மறுபடி கரை. பச்சைப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற மாதிரி அடுத்தடுத்துக் கிடந்தது.

பிள்ளை நின்றுவிட்டார். மழை அடித்தது. நேற்றே ஐயப்பனிடம் சொல்லியாயிற்று. வெட்டுக்கத்தியோடு ஆட்களைக் கூட்டி வரச் சொல்லியாயிற்று. இந்நேரம் வீட்டு முன்னால் ஒரு குச்சிகூட நிற்காது. உள்ளே தலைவலியோடு அவள் படுத்திருப்பாள். 'பாவி, நானே செஞ்சிட்டேனே, என் கையாலே நானே செஞ்சிட்டேனே' என்று தலையில் அடித்துக்கொண்டார். வீட்டை நினைக்கவில்லை. அந்த ஓட்டுக் கூரை இடிந்து அவள் மேல் விழுவது மட்டும்தான் கண்ணுக்குள் வந்து வந்து போயிற்று. மிச்ச தூரத்தை அவர் எப்படிக் கடந்தார் என்று கேட்காதீர்கள்.

வளைவு திரும்பினார். முதலில் ஓடு தெரிந்தது. பிறகு சுவர். பிறகு, நம்பமாட்டீர்கள், பச்சை. வடக்குப் பாதிக் கண்டல், ஒரு கிளை குறையாமல், அலையை வாங்கி வாங்கி ஆடிக்கொண்டு நின்றது. தெற்கே, அவர் மெழுகின கரையும் மிதித்த களிமண்ணும் நாலு கருங்கல் படியும் இருந்த இடத்தில் காயல் புரண்டது. அடுக்களைச் சுவரிலிருந்து ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத்தான் மண் மிச்சம் இருந்தது. அங்கேயும் அதற்கு மேல் இடியவில்லை. கண்டல் முடிகிற இடத்து வேர்கள் கொஞ்ச தூரம் வரை அந்தப் பக்கத்து மண்ணையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தன. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது.

சரஸ்வதியம்மாள் அடுப்படியில் குத்தவைத்துத் தலைமுடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். ஓமனா பக்கத்தில் உட்கார்ந்து கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இப்பிடி வந்து நிக்கிய? பிள்ளைகளை எங்க விட்டிய? கல்யாணத்திலே பாயசம் போட்டாச்சா?" என்று கேட்டாள் சரஸ்வதி.

பிள்ளை வாசல்படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் ஓவென்று அழுதார். நாஞ்சில் நாட்டு வேளாளர், நாலு பேருக்குக் கணக்குச் சொல்லுகிறவர், பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சின்னப் பையன் மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். சரஸ்வதியம்மாள் பதறி எழுந்தாள். ஓமனா, "அய்யோ, அண்ணாச்சிக்கு எந்து பற்றி?" என்று டம்ளரைக் கீழே வைத்தாள். அவர் மனைவியின் கையைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். சுவரைத் தடவினார். பிறகு அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

"பிராந்து பிடிச்சிட்டுதா?" என்றாள் சரஸ்வதி.

"ஆமா" என்றார் அவர். "சாயா இருக்கா?"

மழை குறைந்த பிறகு ஐயப்பன் வந்தான். பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு, "சுகமில்லாமப் போச்சு அண்ணாச்சி. அதான் காலத்தே வந்நில்ல. கோபிக்கண்டா" என்றான். பிள்ளை எழுந்து போய் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஐயப்பனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அடி விழும் என்று பயந்து வந்தவனுக்கு இலை நிறையச் சோறு விழுந்தது.

அன்று சாயங்காலம் பிள்ளை தனியாகப் போய்க் கண்டலுக்குள் எட்டிப் பார்த்தார். பெண்கள் குளிக்கிற இடம் என்று இத்தனை வருஷம் அவர் அதற்குள் கால் வைத்ததில்லை. வெளியே அலை இன்னும் எகிறிக்கொண்டிருந்தது. முதல் வரிசை வேரில் மோதிச் சிதறி, இரண்டாவதில் தடுக்கி, கடவுக்கு வந்து சேரும்போது தென்னந்தடியை நனைக்க மட்டுமே அதற்குத் தெம்பு இருந்தது. வேருக்குள் புதிதாகச் சேறு வந்து தங்கியிருந்தது. அவருடைய கருங்கல் படியை ஏந்தியிருந்த மண்ணாகவும் இருக்கலாம். வளை வாசலில் ஒரு நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு அவரைப் பார்த்தது. "இரு மக்கா, இரு. உன் வீடு, நீ இரு" என்று அவர் அதனிடம் சொன்னார். சத்தியமாகச் சொன்னார்.

நிம்மதி என்றால் அப்படியொரு நிம்மதி. அதற்குப் பிறகு பல நாள், மண்டியில் கூட்டல் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் காரணமில்லாமல் சிரிப்பார். வீடு இருக்கிறது, அவள் இருக்கிறாள் என்று நினைப்பு வந்துவிடும். மற்ற வேலைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கண்டல் காய்களை ஒரு சாக்கு நிறையப் பொறுக்கி, மழை ஓய்ந்ததும் தெற்குப் பக்கத்தில் இறங்கி நட்டார். எப்படி நட்டார் என்கிறீர்கள்? கயிறு பிடித்து, வரிசை வரிசையாக, நெல் நாற்று நடுகிற மாதிரி நட்டார். ஓமனா கரையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாதியை அலை கொண்டு போயிற்று. போன இடத்தில் மறுபடி நட்டார்.

ஒன்றே ஒன்றுதான் அவர் நெஞ்சில் மீன்முள்ளாக நின்றது. அன்றைக்கு வெட்டச் சொன்னது தான்தான் என்று அவர் சரஸ்வதியிடம் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறப்பார், அவள் சோறு போடுவாள், மூடிக்கொள்வார். ஐயப்பனுக்குச் சுகமில்லாமல் போனது தெய்வச் செயல் என்று மட்டும் நம்பினார். மாதம் பிறந்தால் வலியசாலைக் கோவிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைப்பார். எதற்கு என்று கேட்டால் சும்மா என்பார்.

அடுத்த வருஷம் நாஞ்சில் நாடு மதராஸ் ராஜ்ஜியத்தோடு போயிற்று, இங்கே கேரளம் என்று ஒரு ராஜ்ஜியம் வந்தது. மண்டியில் அன்றைக்கெல்லாம் அதே பேச்சு. "பிள்ளைவாள் இனி அங்கேயா, இங்கேயா?" என்று நெல்லையப்ப பிள்ளை கேட்டார். "வீடு இங்கல்லா நிக்குது" என்று பகவதிப்பெருமாள் பிள்ளை சொன்னார். அவர் சொன்ன விதத்தில் முதலாளி மேற்கொண்டு கேட்கவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெற்குப் பக்கத்தில் கடைசி வரிசை நடவு. முதலில் நட்டது இடுப்பளவு வந்து, கால் கால்களாக வேர் இறக்கத் தொடங்கியிருந்தது. பிள்ளை முழங்கால் சேற்றில் நின்றார். சரஸ்வதியம்மாள் கரையிலிருந்து காய்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். வெயில் இதமாக இருந்தது. பூமி ஒன்று, வீடு ஒன்று, மனைவி ஒருத்தி, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அந்த நேரத்தில் பொய்யை வைத்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை.

"சரசு, அந்தப் பொழி முறிஞ்ச அன்னைக்கு, வடக்குப் பக்கத்தை வெட்டச் சொல்லி ஐயப்பன்கிட்டே ஏற்பாடு பண்ணினது நான்தான்."

"தெரியும்" என்றாள் அவள். அடுத்த காயை நீட்டினாள்.

"என்ன தெரியும்?"

"ஓமனா அன்னைக்கு முந்தின ராத்திரியே வந்து சொல்லிட்டா. ஐயப்பனுக்கு எதை அவகிட்டே மறைக்கத் தெரியும்?"

"அப்போ தலைவலி?"

"தலைவலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிள்ளைகளை அனுப்பிட்டு நான் போய்க் கடவிலே, அந்தத் தென்னந்தடி மேலே உக்காந்துகிட்டேன். ஐயப்பன் ரெண்டு ஆளோட வந்தான். கத்தியை வச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னான். நான் எந்திரிக்கல்ல. போயிட்டான்."

"அந்த மழையிலயா?"

"மழையிலதான். அவன் திரும்பி வந்திருவானோன்னு பயம். தண்ணி ஏறி இடுப்புக்கு வந்த பொறவுதான் எந்திரிச்சேன்."

பிள்ளை மாதம் மாதம் உடைத்த தேங்காயெல்லாம் யாருக்கு உடைத்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காயைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார்.

"நீ ஏன் எங்கிட்டே ஒரு வார்த்தை கேக்கல்ல? அன்னைக்கு ராத்திரியே கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா சண்டை வரும்" என்றாள் சரஸ்வதியம்மாள். "சண்டை வந்தா நீங்க ஜெயிச்சிருவிய."